விடுதி அறையில் ரேடியேட்டருக்கு உரிய இடம்

தில்லியில் ஜனவரி இரவுகளின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவது அரிதன்று. சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் குளிர் இன்னும் கடுமையானது. அந்நகரங்களின் பல்கலைக்கழக விடுதிகளில் பத்தடிக்கு ஒன்பதடி அளவுள்ள அறை ஒன்றில் கட்டில், மேசை, அலமாரி போக எஞ்சும் தரையில் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டரை எங்கே வைப்பது? இது மாணவரின் சொந்த வசதி சார்ந்த சிறு கேள்வியாகவே கருதப்படுகிறது. ஆனால் ப்ளக் பாயிண்ட் எங்கே அமையவேண்டும் என்று வரைபடத்தில் குறித்தவரும், ஹீட்டருக்குத் தடை விதித்த நிர்வாகமும் அதற்கான விடையை முன்பே முடிவு செய்துவிடுகின்றனர்.

இயற்பியல் கூறும் இடம் சன்னலின் கீழ்ப்பகுதி. ஒற்றைக் கண்ணாடிச் சன்னலே அறையின் மிகக் குளிர்ந்த பரப்பு. அதைத் தொட்டுக் குளிரும் காற்று கனத்துக் கீழே இறங்கித் தரையில் பரவுகிறது. ரேடியேட்டர் எதிர்ச்சுவரோரம் இருந்தால், அதன் வெப்பக்காற்று கூரையை ஒட்டிச் சென்று, கண்ணாடியில் குளிர்ந்து, மேசையின் கீழிருக்கும் கால்களை நோக்கி வருகிறது. தலை வெதுவெதுப்பாகவும் பாதம் விறைத்தும் இருப்பதன் காரணம் இதுவே. ரேடியேட்டர் சன்னலின் கீழ் இருந்தால், மேலெழும் வெப்பக்காற்று இறங்கும் குளிர்காற்றை அங்கேயே எதிர்கொள்கிறது. திரைச்சீலை மட்டும் அதன்மீது விழாதபடி உயர்த்திக் கட்டப்படவேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் வெப்பத்தின் ஒரு பகுதி வெளியே வீணாகும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளி வைப்பதும், சன்னலின் இடுக்குகளை அடைப்பதும் அவ்விழப்பைக் குறைக்கும். இரட்டைக் கண்ணாடி பொருத்திய புதிய கட்டடங்களில் சன்னலின் முக்கியத்துவம் குறையலாம். விடுதிகளில் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல.

நடைமுறையில் நிகழ்வது வேறு. 2000 வாட் ரேடியேட்டர் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. அறையில் இருப்பதோ, கதவருகிலோ கட்டிலின் தலைமாட்டிலோ அமைந்த 6 ஆம்பியர் பாயிண்ட். எனவே கன்வர்ட்டர் ப்ளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் வருகின்றன. வயர் எட்டும் தொலைவே ரேடியேட்டரின் இடமாகிறது. அது பெரும்பாலும் போர்வையின் ஓரம்.

தடை இதனை இன்னும் மோசமாக்குகிறது. பத்துக் கிலோவை ஒட்டிய எடையுள்ள ரேடியேட்டரைச் சோதனையின்போது மறைக்க இயலாது. செந்நிறமாகக் கனலும் கம்பிச்சுருள் ஹீட்டரை ட்ரங்க் பெட்டிக்குள்ளும் கட்டிலின் அடியிலும் மறைத்துவிடலாம், விலையும் குறைவு. ஆக, கனலும் கம்பி வெளியே தெரியாத, ஒப்பீட்டளவில் பாதுகாப்பான கருவியை விலக்கி, துணி பட்டால் தீப்பற்றும் கருவியை நோக்கி மாணவரைத் தள்ளுவது அந்த விதியேயாகும். முன்பின் குளிர் அறியாத தென்மாநில மாணவர் முதல் டிசம்பரிலேயே இத்தேர்வுக்கு ஆளாகிறார்.

நிர்வாகத்தின் அச்சம் பொய்யன்று. நூறு அறைகளில் 2000 வாட் கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கினால் 200 கிலோவாட் தேவை. பழைய வயரிங் அதனைத் தாங்காது. ஆயினும் அதற்குரிய தீர்வு தடையன்று, அளவீடு. ஒரே ஒரு வெளிச்சுவரும் நன்கு மூடும் சன்னலும் கொண்ட சிறிய அறைக்குத் தில்லிக் குளிரில் 1000 வாட் பெரும்பாலும் போதும். சன்னலருகே தனிச் சர்க்யூட் பிரேக்கருடன் கூடிய 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று, தெர்மோஸ்டாட் உள்ள ரேடியேட்டருக்கு மட்டும் அனுமதி, அதன்மீது ஈரத்துணி உலர்த்தலாகாது என்ற கண்டிப்பு ஆகியவை போதுமானவை. மலைநகர்களுக்குக் கூடுதல் திறன் கணக்கிடப்படவேண்டும்.

இரவெல்லாம் படித்தெழுத வேண்டிய ஆய்வு மாணவருக்கு வெப்பம் ஆடம்பரம் ஆகாது. ஆய்வகத்தில் கருவிகளுக்கு ஏற்ற வெப்பநிலையைக் கவனத்துடன் பேணும் நிறுவனங்கள், ஆய்வாளர் உறங்கும் அறைக்கும் அதே கணக்கைப் போடவேண்டும். அடுத்த முறை விடுதிக்கு வயரிங் மாற்றப்படும்போது, பாயிண்ட் எங்கே அமையவேண்டும் என்று மாணவர் பேரவைகள் முன்கூட்டியே கேட்பது நல்லது. சுவரைப் பூசிய பின் கேட்டுப் பயனில்லை.