பழைய எஞ்சினும் புதிய ஒட்டும்

தமிழ் பயிலும் எமக்கு மோட்டார் எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தல் முறையே, யாம் ஸ்பானர் பிடித்துப் பழகியவரல்லேம். ஆயினும், பழையதொன்றைச் செப்பனிடப் புகுந்தோன் அதனையே மீட்டுத் தருகின்றானோ, அன்றிப் பழம்பெயரைச் சூட்டிப் புதியதொன்றை நிறுத்துகின்றானோ என்னும் வினா, ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர்க்கும் இரும்பின் துரு நீக்குவோர்க்கும் பொதுவாவது. பாடபேதங்களைப் பற்றி எம் வகுப்பறையில் எழும் பூசல் போன்றதே குளிர்நாட்டு மோட்டார்க் கொட்டகைகளிலும் எழுகின்றது என்று அறிந்து வியப்புற்றேம். அவ்வியப்பே இக்கட்டுரைக்கு வித்து.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாகாணத்திற் பிறந்த ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியைக் கொள்வாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. அதன் எஞ்சின் மிக எளியது. நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பிரும்புக் கட்டியில் அமைந்தவை. ஒவ்வொன்றின் குறுக்களவும் 3¾ அங்குலம். ஆற்றல் 20 குதிரைத்திறன். நீரைச் செலுத்தப் பம்பு இல்லை. சூடேறிய நீர் மேலெழக் குளிர்ந்த நீர் கீழிறங்கித் தானே சுழலும். எண்ணெய்க்கும் பம்பு இல்லை. சுழலும் கனத்த சக்கரமே அதனை வாரி இறைக்கும். வண்டி நின்றுபோன பின்னும் இவ்வெஞ்சின் 1941 வரை செய்யப்பட்டுவந்தது.

அந்நாட்டில் இதனைச் செப்பனிடுதற்குப் பெரும்பாலும் வாய்ப்பது பனிக்காலமே. பனியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவராதலின், உடையவர் வண்டியை வெளியே விட அஞ்சி வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரிப்பர். ஆங்கே குளிர் செய்யும் கொடுமை சிறிதன்று. விரல்கள் மரத்து, சிறு மறைகள் கைநழுவி ஓடும். இறுகிய பிஸ்டனைத் தளர்த்த ஊற்றிய எண்ணெய் தடித்து நிற்கும். அது துருவினூடே இறங்குமளவும் வாரக்கணக்கிற் பொறுத்திருத்தல் வேண்டும். பொறாது சம்மட்டி எடுப்போன் நூறாண்டு பிழைத்த இரும்பை ஒரு நொடியிற் பிளப்பான். ஈரமுள்ள வெதுவெதுப்பான காற்று உட்புகின், குளிர்ந்த இரும்பின்மேல் நீர் அரும்பும். மாலையிற் பளபளக்கத் துடைத்த சிலிண்டர் காலையிற் செம்மை பூத்திருக்கும். எண்ணெய் பூசாது உறங்கச் செல்வோன் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவான்.

அளவையும் பொய் கூறும். அளவுகளுக்குரிய வெப்பநிலை 20 பாகை என்பது பொறியாளர் வழக்கு. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு சுருங்குவதாகலின், நீர் உறையும் குளிரில் அளந்தால் அலுமினியப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள வெளி, அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைய மிகுந்து தோன்றும். சிறிதென்று இகழற்க, மொத்த இடைவெளியே அத்தகைய பங்குகள் சிலவற்றினும் மிகாது. அதனை நம்பிப் பொருத்தியவனது எஞ்சின் சூடேறியவுடன் இறுகும். குளிருக்கு அஞ்சிக் கணப்பு மூட்டுதலோ இதனினும் இடர் பயப்பது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனத்ததாய்த் தரையோடு தவழ்ந்து சென்று தீயை நாடும். கதவை அடைத்து எஞ்சினை ஓட்டுவோனை மணமற்ற நச்சு வாயு ஓசையின்றிக் கொல்லும். நடுங்கினும் கதவைத் திறந்து வைப்பவனையே யாம் அறிவுடையோன் என்போம்.

நிற்க, பூசலுக்கு வருவாம். பிரித்த எஞ்சினில் எதனை வைத்துக்கொள்வது, எதனை மாற்றுவது? எல்லாவற்றையும் புதிதாக்கி, தொழிற்சாலையும் காணாத பளபளப்பை ஏற்றுவோர் ஒருசாரார். ஓர் ஆணியையும் தொடலாகாதென்போர் மற்றொரு சாரார். இருவரும் பாபிட் உலோகத்தை எண்ணிப் பார்த்திலர் என்பது எம் துணிபு. கிராங்க் தண்டு சுழலும் மூன்று தாங்கிகளிலும் வெள்ளீயம் மிகுந்த அம்மென்மையான கலப்புலோகமே வார்க்கப்பட்டுள்ளது. வலிய எஃகுத் தண்டு தேயாதிருக்க மெல்லிய உலோகம் தேயவேண்டுமென்பதே அமைத்தோரின் கருத்து. தேய்ந்தபின் உருக்கி எடுத்து, இரும்பை முன்னரே சூடேற்றி (குளிர்ந்த இரும்பிற் பாயாது உறைந்துவிடும், ஈரமிருப்பின் கொதித்துத் தெறிக்கும்), புதிதாக வார்த்து, தண்டில் நீலம் தடவிச் சுழற்றி, நீலம் பட்ட மேடுகளை மட்டும் சுரண்டிப் பொருத்துவர். எம் ஊர்ப்புறத்தில் ஆண்டுதோறும் ஓலை மாற்றிக் கூரை வேய்வதால் வீடு வேறொன்றாகிவிட்டதென்று எவரும் கூறார். தேய்தற்கென்றே வைத்ததைப் புதுப்பித்தல் பழமைக்கு உடன்பாடே.

ஆனால் ஆற்றல் மிக வேண்டுமென்று அழுத்தம் மிகுந்த புதுத் தலையை அப்பழைய கட்டியின்மேற் பூட்டுகின்றார்களே, அதனை என்னென்பது! 20 குதிரைத்திறனுக்கென வடித்த மெல்லிய கிராங்க் தண்டு அதனைத் தாங்குமாறு எங்ஙனம்? பழைய ஆடையில் கோடித்துணி ஒட்டிய உவமையை எம் ஆண்டவர் அருளிச்செய்தது ஈண்டு நினைவுக்கு வருகின்றது; கிழிவது பழைய ஆடையே. இலேசான அலுமினியப் பிஸ்டன்களையோ யாம் மறுப்பதில்லை. அவை தண்டின் சுமையைக் குறைக்கின்றன. புதிது என்பதனால் ஒன்று குற்றமாகாது. பழையதை முறிக்குமாயின் குற்றமே.

‘எம் பொருள், எம் விருப்பம், உமக்கென்ன?’ எனின், விடை உண்டு. பன்னாட்டுப் பழவண்டிக் கழகம் 2012 இல் ஏற்ற தூரின் சாசனம், செப்பனிடுதலினும் உள்ளவாறு பேணுதலை முற்படக் கொண்டு, செய்தன யாவும் எழுத்திற் பதியப்படவேண்டும் என்கின்றது. சுவடியிற் சிதைந்த சீரைத் தம் மனம்போல் நிரப்பி, நிரப்பியதைக் கூறாது அச்சிடும் பதிப்பாசிரியரை யாம் மன்னிப்பதில்லை. தம் விருப்பம்போற் சொற்பெய்தது பெரும்பிழையன்று. கூறாது விட்டதே பிழை. இவ்வண்டியை நாளை விலைக்குக் கொள்வோனும் பேரனும் எதனை நம்புவர்?

மின்விசையால் எஞ்சினை எழுப்பும் கருவி இவ்வண்டிக்கு 1919 இல் வந்தது. 1912 ஆம் ஆண்டு வண்டியில் அதனைப் பூட்டுவோர் உளர். குளிரில் எண்ணெய் தடித்துக் கிளச்சுத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கைப்பிடியைச் சுழற்றுவோன்மேலேயே வண்டி ஊர்ந்து வருமாதலின், பின்சக்கரமொன்றை ஜாக்கியால் தூக்கி நிறுத்தியே அக்காலத்தார் எழுப்பினர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒருபுறமே சேர்த்து, இடக்கையால் கீழிருந்து மேலே இழுத்தல் வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைப்பின் கைப்பிடி நழுவுமேயன்றி எலும்பு முறியாது. தோள் தளர்ந்த முதியவர் இதற்கு அஞ்சி அக்கருவியைப் பூட்டுவாராயின் யாம் அவரைக் கடிந்துரையோம். கொட்டகைச் சுவரில் தொங்கும் குறிப்பேட்டில், பூட்டிய நாளையும் கழற்றும் வகையையும் அவர் ஒருவரி எழுதிவைத்தாற் போதும்.