பணம் வந்தால் பற்றா, வரவா?

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் மகள் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "ரொக்கம் உள்ளே வந்தா பற்றுன்னு எழுதணும்ப்பா" என்றாள். தராசில் பருப்பு போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். "பணம் வந்தா வரவுதானே பாப்பா?"

"விதி அப்படித்தான். இப்படி எழுதினாத்தான் மார்க்."

விடை அவர்கள் தலைக்கு மேலேயே, ஆணியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கடன் வாடிக்கையாளர்களின் பற்று வரவு நோட்டு. அரிசி வாங்கிப் போனவர் பெயரில் பற்று. அவர் காசு கொடுத்தால் வரவு. அதாவது பெற்றவருக்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு. கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துப் பாருங்கள். காசைப் பெற்றது பெட்டி. ஆகவே அதன் பெயரில் பற்று. நாம் வங்கியில் போடும் பணம் பாஸ்புக்கில் வரவாக ஏறுவதும் இதனால்தான். அது வங்கி எழுதும் கணக்கு, அதில் கொடுத்தவர் நாம். ஒரே ஒரு பாடவேளை போதும் இதைச் சொல்ல. ஆனால் பல வகுப்பறைகளில் விதி மனப்பாடமாகிறது, கடை நோட்டு உள்ளே வருவதே இல்லை.

இத்தனைக்கும் கணக்குப்பதிவியலைப் பாடமாக எடுத்த பிள்ளையின் நிலைமை இது. மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. எட்டாம் வகுப்பில் லாப நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் உண்டு, நிகழ்தகவு உண்டு. ரொக்கப் புத்தகம் ஒரு பக்கம் எழுதப் பழக்குவதில்லை. அறிவியல் பிரிவில் சேருகிறவன் பேரேட்டைக் கண்ணால் பார்க்காமலே பள்ளியை விட்டு வெளியேறுகிறான்.

விளைவு வீட்டு வாசலுக்கே வருகிறது. 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் 'பிளாட்' வட்டி, 24 மாதத் தவணை என்கிறார்கள் கடன் தருகிறவர்கள். வட்டி 12,000, மாதம் 2,583 ரூபாய் சொச்சம். அசலில் பாதியை அடைத்த பிறகும் முழு ஐம்பதாயிரத்துக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் நிலுவையில் கணக்கிட்டால் அதே கடன் ஏறக்குறைய 21.5 சதவீதம். தவணை அட்டையை வாங்கிப் பார்த்து இதைக் கேட்க, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கே தெரியாவிட்டால் அம்மாவுக்கு யார் சொல்வது?

பிளஸ் டூவில் இயற்பியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. கணக்குப்பதிவியலுக்கு 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. செய்முறை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடம் டேலி என்கிற கணக்கு மென்பொருள். மதிப்பெண் இல்லாத இடத்தில் கணினியை யார் திறப்பார்கள்? நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்கிற கதைதான். அப்புறம் அதே டேலியைத் தனியார் மையத்தில் காசு கட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறை இதைச் சரிசெய்ய வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் அலகு வேண்டும்: ரொக்கப் புத்தகம், பாஸ்புக், தவணை அட்டை, ஜிஎஸ்டி பில். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலுக்குச் செய்முறை மதிப்பெண் தர வேண்டும்; அதற்கேற்பக் கணினி ஆய்வகத்தில் வணிகவியல் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பாடநூல் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அந்த 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியை, ஏதாவது ஒரு பெட்டிக்கடையின் அல்லது மகளிர் குழுவின் ஒரு மாதக் கணக்கை எழுதி வந்தால் தரலாமே. மளிகைக்கடைப் பெண்ணுக்கு நோட்டு ஆணியில் தயாராகத் தொங்குகிறது.