தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழை: இழப்பீடு எங்கே கோருவது?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்ற கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்த கொடையாளர், தாமே முன்வந்து தெரிவித்த பின்னரே பிழை வெளிப்பட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.

திருநெல்வேலி மாவட்டமும் அதே மதுரைக் கிளையின் அதிகார வரம்பில்தான் உள்ளது. பாபநாசம் முதல் பாளையங்கோட்டை வரை தாமிரபரணிக் கரை ஊர்களில் வாழ்வோரில் பலர், கடும் நோய் வந்தால் நாடுவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. அங்குச் சிகிச்சை இலவசம். இழப்பீடு கோரும்போது முதலில் எழும் கேள்வியும் அதுவே: சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்தப்பட்டதா?

1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வகுத்துரைத்தது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்குள் வரும். நீங்கள் எடுத்த காப்பீட்டின் நிறுவனமோ, உங்களுக்கு வேலை அளித்தவரோ கட்டணத்தைச் செலுத்தியிருந்தாலும் அவ்வாறே. ஒரு மருத்துவமனை சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தால், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கப்படும் சிகிச்சை மட்டுமே அச்சட்டத்திற்கு வெளியே நிற்கிறது. ஆகவே, அரசு மருத்துவமனை என்பதனாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்பட்டுவிட்டதாகக் கருத வேண்டாம். விக்கிரமசிங்கபுரம் போன்ற ஊர்களின் ஆலைத் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பெறும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்திற்குள் அடங்கும் என 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது; அதற்காக அவர்களின் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படுகிறது அல்லவா?

நுகர்வோர் வழக்கை, சிகிச்சை பெற்ற ஊரில் மட்டுமன்றி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலும் தொடுக்கலாம். மதுரையிலோ சென்னையிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அம்பாசமுத்திரத்துக்காரர், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம். செலுத்திய கட்டணம் 50 இலட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் மாவட்ட ஆணையமே போதும். 5 இலட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. இங்குக் கணக்கில் கொள்ளப்படுவது நீங்கள் மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை. கோரும் இழப்பீடு அன்று. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் உரிமை உண்டு. காலவரம்பு 2 ஆண்டுகள். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆயினும் அதனை நம்பிக் காத்திருப்பது நல்லதன்று.

முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை பெற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ, அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். பணம் செலுத்த இயலாதவருக்கே கடினமான வழி வாய்த்திருப்பது வருந்தத்தக்கது. சாத்தூர் நிகழ்வில் பிழை நடந்ததா என்பதில் ஐயம் இருக்கவில்லை. உண்மைகளே சர்ச்சைக்குரியவையாக இருந்தால், சாட்சிகளை விசாரிக்கக்கூடிய உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு உயர் நீதிமன்றம் கூறக்கூடும்.

சிகிச்சை பலனளிக்காததெல்லாம் கவனக்குறைவு ஆகாது. அதே நிலையில் அத்துறையின் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் நியாயமாகக் காட்டும் திறனும் கவனமும் காட்டப்பட்டனவா என்பதே அளவுகோல். இடப்பக்கத்திற்குப் பதில் வலப்பக்கத்தில் அறுவை செய்தல், வேறு வகை இரத்தம் ஏற்றுதல், வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தல் ஆகியவற்றில் நிகழ்வே பெரிதும் சான்றாகிவிடும். அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வயிற்றில் துண்டு விடப்பட்டு ஒரு பெண் இறந்த வழக்கில், எந்த மருத்துவரின் பிழை எனத் தனித்துக் காட்ட வேண்டியதில்லை, அரசே பொறுப்பு என 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வர 33 ஆண்டுகள் ஆயின என்பதையும் குறித்துக்கொள்க.

பெரும்பாலான கோரிக்கைகள் சட்டத்தில் அன்று, காகிதத்தில்தான் தோற்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதி. கேட்டதற்கான ஒப்புகையைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் விண்ணப்பிக்கலாம். வட்டார மருத்துவமனையிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டிருந்தால், இரு இடத்து ஆவணங்களும் பரிந்துரைச் சீட்டும் தேவை. பிழை எங்கு நேர்ந்தது என்பதை அவையே காட்டும். மரணம் நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனையை மறுக்க வேண்டாம். துயர வேளையில் இது கடினமே. ஆனால் அதன்றி இறப்பின் காரணத்தைப் பின்னாளில் நிறுவுவது மிகவும் அரிது.

செலவுச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாமையால் பார்வை பறிபோயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 இலட்சம் ரூபாய் வழங்கியது. பெற்றோர் மேல்முறையீடு செய்தனர். கடந்த காலச் செலவையும், விலைவாசி உயர்வோடு வருங்காலச் செலவையும் கணக்கிட்டு, 2015இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது.

தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் அளிக்கும் புகார், மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுக்கும், இழப்பீடு தராது. இரண்டையும் ஒருசேர மேற்கொள்ளத் தடையில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தோர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியே இலவச வழக்கறிஞரைப் பெறலாம். இதற்கான தொலைபேசி எண் 15100. நுகர்வோர் உதவிக்கு 1915.