ஆலை வாசலில் தொடங்கட்டும் நோய்த்தடுப்பு

திருப்பாச்சூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் பலர். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்காலைகளும் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. அங்கு வேலை செய்கிறவர்களிடம், "தினமும் நடங்கள், உப்பைக் குறையுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள்" என்று சொல்வதோடு நோய்த்தடுப்பு முடிந்துவிடுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்தி நோயை அண்டவிடாமல் வைப்பது நமக்குப் புதிதல்ல. தேரையரின் பிணியணுகா விதி பேசுவது அதைத்தான். ஆனால் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க ஒருவருக்குத் தன் நாளின் மீது உரிமை வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறவருக்கு அந்த உரிமை இல்லை. இரவுப்பணியை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று கருதத்தக்க காரணிகளின் பட்டியலில் 2007-லேயே சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. 2019-ல் அதை மீண்டும் உறுதிசெய்தது. உடலை முழுமையாகப் பார்க்கும் மருத்துவம் வேண்டுமென்றால், அந்த உடல் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வேலையிடமும் அதற்குள் வர வேண்டும்.

இந்தத் திசையில் தமிழகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பலனும் தெரிகிறது. 2020-ல் எடுத்த மாநில ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. 2023-24 ஆய்வில் அது 17 சதவீதமாக உயர்ந்தது. பாராட்ட வேண்டிய முன்னேற்றம்தான். ஆனாலும் நூறு பேரில் 83 பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லை. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டும் பகல் நேரத்தில் ஆலைத் தொழிலாளி அங்கே இருப்பதில்லை. இதை உணர்ந்துதான் 2024-ல் பணியிடங்களுக்கும் இந்தத் திட்டத்தை அரசு கொண்டுபோனது. அங்கும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளப்பதோடு நின்றுவிடக் கூடாது.

ஏன் என்பதற்கு ஈயம் ஒன்றே போதும். ஈயத் தூசியும் புகையும் மூச்சு வழியாகவும், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிடும்போது வாய் வழியாகவும் உள்ளே போகின்றன, பல ஆண்டுகள் எலும்பில் தங்குகின்றன, ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈய ஆலையில் நிற்கும் ஒருவருக்கு பி.பி. கூடியிருப்பதைக் கண்டுபிடித்து, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்து, மறுநாள் அதே உலைக்கு அனுப்பினால் நோயின் வேர் அப்படியே இருக்கும். கேடு அவரோடும் நிற்பதில்லை. வேலை உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்கு வருகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எமன். ஆலையிலேயே குளிக்கத் தண்ணீரும், உடை மாற்ற இடமும், அந்த உடையை அங்கேயே துவைக்கும் ஏற்பாடும் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். இவையும் மருந்துதான். வார்ப்பாலைகளின் மணல் தூசியால் வரும் சிலிகோசிஸுக்கோ குணப்படுத்தும் மருந்தே கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறைகளில் ஒருவரை வேலைக்கு வைக்குமுன்னும், பிறகு 12 மாதங்களுக்குள் ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்று அது சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் போதாது. ஈயமும் சிலிக்காவும் உலைச்சூடும் வயது பார்ப்பதில்லை. இந்த வயது வரம்பை மட்டும் நம்பினால், இருபது வயதில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து உருக்காலையில் சேரும் இளைஞரைப் பரிசோதனை தொடுவதற்கு முன் அவர் உடலில் இருபது ஆண்டுச் சேதம் சேர்ந்துவிடும். பரிசோதனைக்கு அளவுகோல், தொழிலாளி எதன் நடுவில் நிற்கிறார் என்பதாக இருக்க வேண்டும்.

சிறிய ஆலைகள் இந்தச் செலவைத் தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஈ.எஸ்.ஐ.-க்கு ஊதியத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் ஏற்கெனவே கட்டுகிறார்கள். அந்த நிதியிலிருந்து ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் பொதுவாக ஒரு தொழில்சார் நலப் பரிசோதனை மையம் அமைக்கலாம். தொழிலாளர் தரப்பின் தயக்கம் இதைவிட ஆழமானது: "டெஸ்ட்டில் ஏதாவது வந்தால் வேலை போய்விடுமே." காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது வெறும் பயமில்லை, மேஸ்திரி மறுநாள் வரவேண்டாம் என்றால் கேட்பதற்கு ஆளில்லை. ஆகவே முடிவு முதலில் தொழிலாளி கைக்குப் போக வேண்டும். பாதிப்பு தெரிந்தால் ஊதியம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாத பரிசோதனை நோயை ஒளித்துவைக்கவே தூண்டும்.

புதிய சட்டத் தொகுப்பின் கீழுள்ள மாநில விதிகளில், வயது வரம்பின்றி, காண்ட்ராக்ட் மற்றும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் சேர்த்து, இடர்ப்பாட்டின் அடிப்படையிலான பரிசோதனையைத் தமிழக அரசு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஈய ஆலைகளில் ரத்த ஈயப் பரிசோதனையும் வேலையிடக் காற்றின் அளவீடும் தவறாமல் நடக்கின்றனவா என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைவாரியாக வெளியிட வேண்டும். அந்தப் பணியைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து தொடங்கட்டும்.