இரண்டு நாள் தாமதம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பாலைவனப் பகுதி. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அங்குள்ள ஸ்காட்ஸ்டேல் நகரில் வளர்ந்த ஒரு பையன் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரராகி உலகப் புகழ் பெற்றார். ஆஸ்டன் மேத்யூஸ் என்பது அவர் பெயர்.

1996இல் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து ஒரு தொழில்முறை அணி ஃபீனிக்ஸ் நகருக்கு இடம் மாறியது. அந்த அணியின் ஆட்டங்களுக்குச் சிறு வயதில் அழைத்துச் செல்லப்பட்ட மேத்யூசுக்கு, ஆட்டத்தைவிட இடைவேளையில் பனித்தரையைச் சீராக்க வரும் வண்டிதான் அதிகம் பிடித்ததாம். பிள்ளைகளின் ஆர்வம் எந்த வாசல் வழியாக நுழையும் என்று யார் கண்டது! பிறகு, உக்ரைனிலிருந்து மெக்சிகோ வழியாக அரிசோனா வந்து சேர்ந்த போரிஸ் டொரோஷென்கோ என்ற பயிற்றுநர் அவருக்குச் சறுக்கும் கலையைக் கற்றுக்கொடுத்தார். பனித்தரைகள் குறைவான ஊர் அது. சிறிய தரையில் மூவருக்கு மூவராக ஆடியே பையன் தேறினார். நெருக்கடியில் பந்தை, அதாவது ‘பக்’ எனப்படும் வட்டை, காப்பாற்றும் லாவகம் அங்கே வந்ததுதான்.

அவருடைய கோல்களைவிட நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, 2015இல் அவர் எடுத்த ஒரு முடிவு.

வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும். அதற்கு வயது வரம்பு உண்டு. செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைய வேண்டும். மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் வித்தியாசத்தில் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. ஜனவரி 2இல் பிறந்ததால் ஒன்றாம் ஆண்டுக்கு அடுத்த வருடம் போன பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் புரியும்.

அந்த ஓராண்டை அவர் சுலபமாகக் கழித்திருக்கலாம். கனடிய, அமெரிக்க இளையோர் லீக்கில் சம வயதினருடன் ஆடி, கோல்களைக் குவித்து, பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவரோ சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகருக்குப் போய், இசட்எஸ்சி லயன்ஸ் அணியில் சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களோடு சேர்ந்தார். ஆபத்து இல்லாமல் இல்லை. ஏற்கெனவே 2013இல் தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தவர் அவர். முரட்டு ஆட்டத்தில் இன்னொரு காயம் பட்டிருந்தால், அல்லது பெஞ்சிலேயே உட்கார வைக்கப்பட்டிருந்தால், மறு ஆண்டுத் தேர்வில் மதிப்பு சரிந்திருக்கும். சம்பளத்துக்கு ஆடியதால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் கதவும் மூடிக்கொண்டது.

18 வயது நிறைந்த மறுநாளே அங்கு களமிறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அந்தப் பருவத்தில் 36 ஆட்டங்களில் 24 கோல்கள்.

எஸ்பிஎம் முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களும், விரும்பிய படிப்பில் இடம் கிடைக்காமல் போகும் ஓராண்டும் நம் வீடுகளில் ‘வீணாய்ப் போன காலம்’ என்றே பேசப்படுகின்றன. பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால் அந்த அவசரத்தில் கிடைத்த ஏதோ ஒரு படிப்பில் பிள்ளையைத் தள்ளிவிடுவது, காத்திருப்பதைவிடப் பெரிய இழப்பு என்பது நம் கருத்து. ஸூரிக் எல்லாருக்கும் வாய்க்காது. மேத்யூசுக்குத் திறமை முன்பே தெரிந்திருந்தது. தாயாரும் உடன் சென்று தங்கினார். ஐஸ் ஹாக்கி செலவு மிகுந்த விளையாட்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், தன்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதற்கு விமானச் சீட்டு அவசியமில்லை. வாகனப் பட்டறை, கணக்காய்வாளர் அலுவலகம், பெரியவர்கள் ஆடும் உள்ளூர் பூப்பந்துக் குழு என எங்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பேரங்காடியில் வேலை பார்த்துக் குடும்பத்துக்குக் கை கொடுக்கும் மாணவரை நாம் குறை சொல்லவில்லை. அங்கும் திறமையான ஒரு மேலாளர் கிடைத்தால் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

2016 ஜூன் மாதத் தேர்வில், முந்தைய பருவத்தில் லீக்கின் கடைசி இடத்தில் முடிந்திருந்த டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி மேத்யூசை முதல் ஆளாக எடுத்தது. முதல் பருவத்தில் 40 கோல்கள் அடித்தார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் கிடைத்தது. அணி அடுத்த சுற்றுக்கு முன்னேறியது.

அதற்கெல்லாம் தொடக்கம் 2016 அக்டோபர் 12ஆம் தேதி, ஒட்டாவா அணிக்கு எதிரான அவரது முதல் என்எச்எல் ஆட்டம். முதல் இரண்டு பகுதிகளுக்குள் நான்கு கோல்கள் போட்டார். நவீன காலத்தில் அறிமுக ஆட்டத்தில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. ஆனாலும் கூடுதல் நேரத்தில் டொரொன்டோ 5-4 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்கள் நான்கு கோல்களைப் பற்றிக் கேட்கச் சூழ்ந்தார்கள். ஒட்டாவாவின் அந்தக் கடைசிக் கோலுக்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது, எதிராளியைத் தான்தான் விட்டுவிட்டதாக அந்தப் 19 வயது இளைஞர் சொன்னார்.