இது எந்த ஆளுக கலரு?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். போன மாதம் ஒரு நாள், பாடம் முடிந்து பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னால், ஓவியர் ஆதிமூலத்தின் அரூப ஓவியம் ஒன்றைப் போனில் காட்டினேன். ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. முக்கால்வாசி ஆரஞ்சு. நடுவில் கிழிந்த துணி மாதிரி கொஞ்சம் நீலம், ஓரத்தில் மஞ்சள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, இது எந்த ஆளுக கலரு?"

யாரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் கட்டும் கயிறு, கரண்டு கம்பத்தில் அடித்த பெயின்ட், திருவிழா பனியன், பைக் ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் உண்டு, அந்த நிறத்துக்கு ஒரு சாதி உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டிக்கொண்டு மாணவர்கள் பள்ளிக்கு வருவதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அதே கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. ஒரு நிறத்தைப் பார்த்ததும் எந்தத் தெருவுக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களிடம் போய் "இந்த ஆரஞ்சு உனக்கு என்ன உணர்ச்சி தருகிறது?" என்று நான் கேட்கிறேன்!

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ, தனக்கு நிறங்களின் சேர்க்கையில் அக்கறை இல்லை, மனிதரின் அடிப்படை உணர்ச்சிகளை வெளிப்படுத்துவதில்தான் அக்கறை என்றார். துயரம், பரவசம், அழிவு. பெரிய பெரிய வண்ணப் பரப்புகளுக்கு முன்னால் நின்று மக்கள் அழுததாகவும் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் உணர்ச்சி எல்லாருக்கும் ஒரே வழியில் வருவதில்லை. சமூகவியல் வகுப்பில் படித்ததைவிட அந்தப் பையனின் கேள்வியில்தான் எனக்கு இது சரியாக விளங்கியது. அவனுக்கு நிறம் தரும் முதல் உணர்ச்சி எச்சரிக்கை.

மறுநாள் அதே படத்தை அங்கே பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மாவிடம் காட்டினேன். ஃபேன்சி வெடி போடும் ஆலையில் வேலை. கை ரேகைகளுக்குள் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி ஏறியிருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது. "செவப்பு, பச்சைனு பேருதான்க்கா. கையில இருக்கையில எல்லாம் சாம்ப கலருதான்" என்றார். உண்மைதான். வானத்தில் சிவப்பு தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது தனிக் கதை. ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டும் பேரியம் நைட்ரேட்டும் வெள்ளைப் பொடிகள். அலுமினியம் சேர்ந்தால் சாம்பல். அந்த மணி மருந்தை அலசி, உருட்டி, மேடையில் காயப் போடுகிற வரை அவர் பார்ப்பது சாம்பல் நிறத்தையும், உராய்ந்துவிடுமோ என்ற பயத்தையும்தான். நிறம் வேறு யாருடைய வானத்திலோ விரிகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாளில் இங்கேயே வெடித்தது. அன்று யாரும் நிறம் பார்க்கவில்லை.

ஆதிமூலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1938-ல் திருச்சி மாவட்டம் கீராம்பூரில் பிறந்தவர், 2008-ல் இறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டின்போது கறுப்பு வெள்ளையில் வரைந்த காந்தி கோட்டோவியங்களால்தான் முதலில் பேர் வாங்கினார். நம் பக்கத்து வாசகர்களுக்கு அவரை வேறு வழியாகத் தெரிந்திருக்கும்: கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது படம் போட்டவர் அவர்தான். நம் கரிசல் மனிதர்களின் முகத்தை, தலைப்பாகையை, வறண்ட கையைக் கோடாக இழுத்த அதே கை, கேன்வாஸில் ஆட்களையே விட்டுவிட்டு வெறும் நிறத்துக்குப் போனது. எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காக அப்பி, நிலமா நீரா வானமா என்று பிடிபடாத ஒரு பரப்பு.

நம் தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது. "அரூபமெல்லாம் டிராயிங் ரூம் சமாச்சாரம், மக்களுக்கு எதுக்கு?" என்பார்கள். காசுள்ளவன் வீட்டுச் சுவரில் தொங்குவது உண்மை. ஆனால் நாம் நடத்தும் ஓவியப் போட்டிகளை யோசித்துப் பாருங்கள். தலைப்பு எப்போதும் தீண்டாமை, இல்லையென்றால் குழந்தைத் தொழிலாளர். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்: உடைந்த சங்கிலி, கண்ணீர், கோட் போட்ட அம்பேத்கர். நீலத்தைத் தவிர வேறு நிறம் தொட ஒரு தயக்கம். 1942-ல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலமானதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைக் கயிற்றோடு ஒப்பிட மாட்டேன். ஆனாலும், காயத்தைக் காட்டினால்தான் உன் படம் படம் என்று நம் பிள்ளைகளிடம் நாமே சொல்கிறோமே, அது சரியா? மேல்தட்டு வீட்டுப் பிள்ளை மஞ்சள் பிடித்தது என்பதற்காக மஞ்சளை அப்பலாம். நம் பிள்ளை மட்டும் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் சொல்ல வேண்டுமா?

அந்தப் பையனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "யாரு கலரும் இல்லடா" என்றபோது அவன் நம்பவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை சார்ட் பேப்பரும் போஸ்டர் கலரும் வாங்கிப் போனேன். ஒரே ஒரு விதி: ஆள், கொடி, எழுத்து எதுவும் கூடாது. அரை மணி நேரம் யாரும் தூரிகையைத் தொடவில்லை. பிறகு ஒரு பிள்ளை சாம்பல் கலக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். வெள்ளையும் கறுப்பும் கலந்து காட்டினேன். தாள் முழுக்கச் சாம்பல் அடித்து, காய்வதற்கு முன்னால் மேலே ஒரு மூலையில் விரலால் சிவப்பு வைத்தாள். ஆலைக்குப் போகும் அவள் அம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை எங்கிட்ட குடுத்திருங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்.

பையன் படம் இன்னும் முடியவில்லை. நாலு நிறம் அடித்துவிட்டான், கயிற்றில் இருக்கிற அதே நாலு. ஒன்றோடு ஒன்று கலந்து சேறு மாதிரி ஆகிவிட்டது, கெட்டுப்போச்சு என்கிறான். நான் அப்படியே காயட்டும் என்று வைத்திருக்கிறேன்.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. கோடை விடுமுறையில் இந்தப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக நினைக்கிறோம். விருதுநகரிலிருந்து பாசஞ்சர் செலவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கூட வர முடிகிற மாணவர்கள் சொல்லுங்கள்.