விடைபெறும் சொல்லும் கற்போம்

அயல்மொழி கற்கப் புகுவோர் வணக்கம் கூறவும் விலை கேட்கவும் முதலில் பயில்வர். விடைபெறும் சொற்களையோ பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. இது சரியன்று என்பதே எமது கருத்து. ஸ்பானிய மொழியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

ஸ்பெயினிலும், மெக்சிகோ முதல் அர்ஜெண்டினா வரை பல நாடுகளிலும் வழங்கும் அம்மொழியின் ‘ஆதியோஸ்’ என்னும் சொல்லை நம்மிற் சிலர் திரைப்படங்களில் கேட்டிருக்கலாம். ‘இறைவனிடம்’ என்பது அதன் சொற்பொருள். நல்ல சொல்லே, ஆயினும் நாளை காணவிருக்கும் நண்பனிடம் கூறினால் சற்றுக் கனத்துவிடும். நெடும்பிரிவுக்குரியதாகவே பலர் அதனைக் கொள்வர்.

நண்பர்க்கு ஏற்றது ‘அஸ்தா லுவேகோ’. ‘பிறகு காணும் வரை’ என்பது பொருள். மறுநாளே சந்திப்பதாயின் ‘அஸ்தா மன்யானா’, அதாவது ‘நாளை வரை’. ‘நோஸ் வேமோஸ்’ என்பது இன்னும் இனிது. இனிமேல் நிகழவிருக்கும் சந்திப்பை ‘நாம் காண்கிறோம்’ என்று நிகழ்காலத்திலேயே உறுதி கூறுகிறது!

‘போகிறேன்’ என்று எழும் பிள்ளையை நம் வீட்டுப் பாட்டி விடுவாரா? ‘போய் வருகிறேன் என்று சொல்’ எனத் திருத்திய பின்னரே அனுப்புவார். நம் ‘வருகிறேன்’ என்பதும் நிகழ்காலமே அன்றோ? கடல் கடந்து வாழும் அம்மக்களின் உள்ளமும் நம் உள்ளமும் இவ்விடத்தில் ஒன்றாயிருத்தலைக் கண்டு மகிழ்கிறோம்.

தோழனிடம் ‘குயீதாதே’ என்பர். உடம்பைப் பார்த்துக்கொள் என்பது கருத்து. முதியோரிடம் அதுவே ‘குயீதேசே’ ஆகும். நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அறிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இடர்ப்பாடு இல்லை. இத்தாலியத்திலிருந்து வந்த ‘சாவ்’ என்னும் சொல்லும் தென்னமெரிக்காவில் பெரிதும் வழங்குகிறது. அதனை மட்டும் நம் வீட்டு வாசலில் உரக்கக் கூறவேண்டாம். பாட்டி அபசகுனம் என்று கடிந்துகொள்வார்!

தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்ற தோழனின் லாரியை நோக்கி, சொல்ல ஒரு சொல்லும் வாராமல் கையை மட்டும் அசைத்து நின்ற சிறுவர்களை நாம் கண்டதுண்டு. அத்தகைய வேளைக்குரிய சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். முதலில் தமிழில், பின்னர் விரும்பிய மொழியில். ஆசிரியப் பெருமக்கள் வார இறுதியில் பள்ளி மணி அடித்ததும் ‘அஸ்தா எல் லூனெஸ்’ என்று கூறச் செய்து பார்க்கலாம். ‘திங்கள் வரை’ என்பது அதன் பொருள். லூனெஸ் என்னும் பெயரும் நிலவிலிருந்து பிறந்ததே, நம் திங்களைப் போல.